புரட்டாசி முதல் தை வரை: வெயில் ஊரில் மழைக்காலக் காய்கறித் தோட்டம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குளிர் நாடுகளில் அக்டோபர் வந்தால் தோட்ட வேலையை ஏறக்கட்டிவிடுவார்கள். நம் சமவெளியில் நிலைமை நேர் எதிர். சித்திரை, வைகாசியில் செடியைச் சாகாமல் வைத்திருப்பதே பெரும்பாடு. புரட்டாசி முடியும்போதுதான் செடிக்கும் நமக்கும் மூச்சு வருகிறது. அப்படியிருந்தும் மழை தொடங்கியதும் பலர் செடிப் பைகளை ஓரம் கட்டிவிடுகிறார்கள். வருடத்தின் மிக நல்ல நான்கு மாதங்களை இழக்கிறோமே என்று எனக்கு ஆதங்கம். அதனால்தான் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சென்னையில் மாடித்தோட்டம் போடுகிறவன். பதில்கள் கடலோரச் சமவெளியை மனத்தில் வைத்தவை. வேறு ஊருக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பார்களே, அதைத் தவறவிட்டால் அந்த வருடம் போச்சா?

போகாது. ஆடிப் பட்டம் வெண்டை, கத்தரி, சுரை, பீர்க்கு, புடலை போன்ற வெயில் தாங்கும் பயிர்களுக்கு உகந்தது. ஆனால் பட்டம், அதாவது விதைக்கும் பருவம், வருடத்துக்கு ஒன்று மட்டும் கிடையாது. சின்ன வெங்காயத்துக்குச் சித்திரையில் ஒரு பட்டம், ஐப்பசியில் ஒரு பட்டம். இராமநாதபுரத்து மானாவாரி மிளகாய் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில்தான் விதைக்கப்படுகிறது.

வருடத்தில் ஒரே ஒரு முறைதான் தோட்டம் போட முடியும் என்று யாராவது சொன்னால், நான் கைகாட்டுவது ஐப்பசியைத்தான். காரணம் இரவின் குளிர்ச்சி. சென்னையில் மே மாதம் பகலில் 37, 38 டிகிரி செல்சியஸ், இரவிலும் 28 டிகிரி. டிசம்பர், ஜனவரியில் பகலில் 29, இரவில் 21 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைச் செடி இரவில் சுவாசித்தே செலவழித்துவிடுகிறது. இரவு குளிர்ந்தால் அந்தச் செலவு குறைகிறது, மிச்சம் கிழங்கிலும் காயிலும் சேர்கிறது. மார்கழி முள்ளங்கிக்கும் வைகாசி முள்ளங்கிக்கும் ருசியில் இருக்கும் வித்தியாசம் இதுதான்.

செடியை விடுங்கள், நம்மைப் பற்றியும் யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து களை பிடுங்க முடிகிற மாதங்கள் நமக்கு எத்தனை இருக்கின்றன?

சரியாக எப்போது விதைக்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதனால் வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்வேன்.

புரட்டாசியில் மண் கலவையைத் தயார் செய்து, தக்காளி, கத்தரி, மிளகாய், காலிஃபிளவர், முட்டைக்கோஸ் நாற்றுகளை நிழலில், கூரைக்கடியில் விட வேண்டும். புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பது பழைய பேச்சு. இரண்டும் நாற்றுக்கு ஆகாது. ஐப்பசியில் இரண்டு மழைக்கு நடுவே வானம் வெளுக்கும் நாட்களில் முள்ளங்கி, பீட்ரூட், வெந்தயம். கார்த்திகை பாதிக்கு மேல், அடைமழை ஓய்ந்த பிறகு, கொத்தமல்லி, பாலக்கீரை, கேரட், பீன்ஸ், இன்னொரு சுற்று முள்ளங்கி. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்பார்களே, அதை நம்பி மென்மையான விதைகளைக் கார்த்திகைக் கடைசிக்குத் தள்ளலாம்.

கோவை, திருப்பூர், சேலம் பக்கம் மழை இத்தனை கனமாக இராது. அங்கே எல்லாவற்றையும் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே தொடங்கலாம். ஓசூர், தளி பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே கோஸும் பீட்ரூட்டும் வயலிலேயே விளைகின்றன. யாழ்ப்பாணத்துக்கும் இதே மாரி மழைதான், மழை ஓய்ந்த பிறகு அங்கே பீட்ரூட்டும் கேரட்டும் தோட்டத்துக்கு வரும்.

முதல் தடவை போடுகிறேன். எதில் தொடங்கலாம்?

முள்ளங்கியும் வெந்தயக்கீரையும். இரண்டும் மூன்று நான்கு நாட்களில் முளைத்துவிடும், பொறுமையைச் சோதிக்காது. வெந்தயத்துக்கு விதை வாங்கவே வேண்டாம், அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. இரவு ஊறவைத்து, காலையில் தூவி, மேலே மெல்லிய மண் போட்டால் போதும். மூன்று வாரத்தில் கூட்டு வைக்கலாம்.

கூடவே ஒரு பையில் சின்ன வெங்காயத்தைப் பாதி வெளியே தெரியும்படி ஊன்றிவையுங்கள். வெங்காயத்தாள் ஒரு மாதத்தில் கைக்கு வரும். பூண்டுப் பல்லையும் அப்படியே ஊன்றலாம். பூண்டு திரளாது, தாள் மட்டும்தான் கிடைக்கும். ஆனால் முட்டைப் பொரியலில் அந்தத் தாளை நறுக்கிப் போட்டுப் பார்த்தவர்கள் அதை விடமாட்டார்கள்.

முள்ளங்கி இலையாகவே வளர்கிறது, கிழங்கு பிடிக்கவில்லை. ஏன்?

பெரும்பாலும் நெருக்கம். பிடுங்கிப் போட மனம் வராமல் முளைத்த அத்தனையையும் விட்டுவைப்பதால் வருகிற வினை. ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் நான்கு விரற்கடையாவது, அதாவது மூன்று அங்குலம், இடைவெளி வேண்டும். முளைத்துப் பத்து நாளில் கலைத்துவிடுங்கள். கலைத்த நாற்றை வீணாக்க வேண்டாம், வேரோடு அலசிப் பருப்பில் போடலாம்.

அடுத்த காரணம் வெயில் போதாமை. தினமும் ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் விழவேண்டும். மூன்றாவது, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. சாணமும் புண்ணாக்கும் அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழிக்கும். மட்காத எருவும் கல்லும் மண்ணில் இருந்தால் கிழங்கு இரண்டாகப் பிளந்து கால் முளைத்ததுபோல் வரும். மண்ணைச் சலித்துப் போட்டு, ஓர் அடி ஆழமுள்ள பையில் விதைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ரகத்தையும் கவனியுங்கள். பூசா சேத்கி வெப்பம் தாங்கும் வெள்ளை முள்ளங்கி, சமவெளிக்கு நம்பகமானது. 40 முதல் 45 நாளில் பிடுங்கலாம். நாள் தாண்டினால் உள்ளே நெட்டி விழுந்து நார் ஏறிவிடும். ஒன்றிரண்டு தவறிப்போய்ப் பூத்துவிட்டால் பிடுங்காதீர்கள். பச்சையாக, நொறுக்கென்று உடையும் பருவத்தில் அதன் காயைப் பறித்துப் பொரியல் செய்யலாம். முள்ளங்கியின் காரம் அப்படியே அதில் இருக்கும். கடையில் இது கண்ணிலேயே படாது, தோட்டம் வைத்தவர்களுக்கு மட்டும் கிடைக்கிற பண்டம்.

கோடையில் எத்தனை தடவை போட்டும் வராத கொத்தமல்லி, இப்போது மட்டும் எப்படி வருகிறது?

அது குளிர்ச்சியை விரும்பும் செடி. சூடு ஏறினால் முளைப்பு குறையும். முளைத்தாலும் நாலு இலை விட்டதும் பூவுக்குப் போய்விடும். கார்த்திகை, மார்கழியில் பூக்க அவசரப்படாமல் இலையாக விரியும்.

நாம் பார்க்கும் ஒரு தனியா உண்மையில் இரண்டு விதை ஒட்டியது. சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டினால் இரண்டாகப் பிரியும். நசுக்கிவிடாமல் பிரித்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். எட்டுப் பத்து நாள் ஒன்றுமே தெரியாது. அதுவரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிடுங்கி வேறிடத்தில் நட்டால் வாடும், ஆகவே விளைகிற இடத்திலேயே தூவிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு தொட்டியில் தூவிக்கொண்டே இருந்தால் மாசி வரை தட்டுப்பாடு வராது. ரசம் இறக்கும்போது மாடிக்கு ஓடிப்போய் நாலு கொத்து கிள்ளிவந்து போடுகிற சுகத்துக்காகவே இந்தப் பருவத்துக்குக் காத்திருக்கலாம். வேரையும் அலசித் துவையலில் சேருங்கள், மணம் அதில்தான் அதிகம்.

காலிஃபிளவரும் முட்டைக்கோஸும் சென்னை வெக்கையில் வருமா?

வரும். ஆனால் விதைப் பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காலிஃபிளவர் 1822இல் ஆங்கிலேயர் காலத்துச் சகாரன்பூர்த் தோட்டத்துக்கு வந்த குளிர் நாட்டுச் செடி. வட இந்தியச் சமவெளி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து எடுத்து, வெப்பத்திலும் பூத் திரளும் இந்திய ரகங்களை உருவாக்கிவிட்டார்கள். இன்று முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். பின்பருவ ரகத்துக்குப் பூத் திரள நல்ல குளிர் வேண்டும். அதைச் சென்னையில் நட்டால் முறம் முறமாக இலை வரும், பூ வராது. முன்பருவ ரகமோ 20 முதல் 27 டிகிரியிலேயே பூத் திரட்டிவிடும். நமக்கு வேண்டியது அதுதான். கடையில் "முன்பருவ ரகம்", "வெப்பம் தாங்கும் ரகம்" என்று கேட்டு வாங்குங்கள்.

நாற்றுக்கு 25 நாள் ஆனதும் இடம் மாற்றிவிட வேண்டும். குழித்தட்டில் வேர் சுருண்டு முற்றிய நாற்றை நட்டால் சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ வைத்து நின்றுவிடும். ஒரு பைக்கு ஒரு செடிதான். பூ கோழிமுட்டை அளவுக்கு வந்ததும் அதன் இலைகளையே மடித்து மேலே மூடுங்கள், வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும். கடைப் பூவில் பாதி அளவுதான் வரும் என்று தெரிந்தே நடுங்கள். சிறிதாக இருந்தாலும் பறித்த அன்றே சமைத்தால் அந்த முடைநாற்றம் இராது, லேசாக இனிக்கும்.

கேரட், பட்டாணி?

கேரட் வரும், ஊட்டி கேரட் போல வராது. நல்ல நிறமும் இனிப்பும் ஏற அதற்கு 15 முதல் 20 டிகிரி வேண்டும். சென்னையில் அது கனவு. விரல் நீளத்தில், கொஞ்சம் வெளிறி வரும். குழந்தைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்காகவே ஒரு பை போடலாம், மண்ணிலிருந்து உருவும் அந்த நொடிக்காக. முளைக்க இரண்டு வாரம் பிடிக்கும்.

பட்டாணி கடலோரத்தில் ஏமாற்றும். கோவை, ஓசூர்க்காரர்கள் தாராளமாகப் போடலாம்.

பீட்ரூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் இவை இரண்டையும் விட அது நன்றாக வரும். அதன் ஒரு விதை பல விதைகள் சேர்ந்த கொத்து. ஓரிடத்தில் மூன்று நான்கு முளை வந்தால் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளியதைக் கீரையோடு சேர்க்கலாம். நாம் கடையில் வாங்கும் பாலக்கும் பீட்ரூட்டும் ஒரே இனம்தான்.

ஆடியில் போட்ட அவரை பந்தல் நிறையப் படர்ந்துவிட்டது. பூவையே காணோம். வெட்டிவிடலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். கொடி அவரையும் மொச்சையும் பகல் குறுகினால்தான் பூக்கும். சென்னையில் ஜூன் மாதப் பகல் கிட்டத்தட்ட 12 மணி 55 நிமிடம், டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி நேர வித்தியாசம் நமக்குப் பெரிதாகத் தெரியாது. அவரைக்குத் தெரிகிறது. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பூங்கொத்து நீட்டும். முன்னதாக விதைப்பதில் ஒரே லாபம், கொடி பெரிதாகி நிறையக் கிளை விட்டிருக்கும். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்களும் உண்டு. இடம் இல்லாதவர்கள் அதைப் போடலாம்.

பூக்கும் நேரத்தில் தழைச்சத்து உரம் கொடுக்காதீர்கள். நுனியைக் கிள்ளிவிட்டு, ஒரு பிடி மரச்சாம்பல் போடுங்கள். கொத்தில் கறுப்பாக அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அப்பிக்கொள்ளும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

எனக்கு இந்தத் தோட்டத்தில் மிகப் பிடித்த செடி இதுதான். மார்கழிக் காலையில் பனி நனைத்த ஊதாப் பூங்கொத்துகளை வண்டுகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம். சங்கக் கவிஞர் ஒருவரே பனிக்கால அவரைப் பூவைக் கிளியின் வாயோடு ஒப்பிட்டிருக்கிறார், அவ்வளவு பழைய உறவு இது. அப்புறம் சமையல். திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் குழம்பு, பொங்கலுக்குப் பச்சை மொச்சை. வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைப்பார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே பிதுக்கினால்தான் அந்த வேலை முடியும்.

தக்காளியை மழைக்கு முன்னால் நடுவதா, பின்னால் நடுவதா?

கடலோரத்தில் பின்னால். புரட்டாசிக் கடைசியில் விதைத்து, நாற்றைக் கூரைக்கடியில் வளர்த்து, அடைமழை ஓய்ந்த இடைவெளியில் நட்டால் தை, மாசியில் பழம் எடுக்கலாம். தக்காளியின் மகரந்தம் வெப்பத்தில் செத்துப்போகும். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் பூ உதிரும். பழத்துக்குச் சிவப்பு தருகிற நிறமியும் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாகாது. சித்திரைத் தக்காளி மஞ்சளும் ஆரஞ்சுமாகத் திட்டுத் திட்டாகப் பழுப்பது அதனால்தான். தை மாதப் பழம் ஒரே சீராகச் சிவக்கும்.

நடும்போது தண்டைக் கீழ் இலை வரை மண்ணில் புதையுங்கள், புதைந்த இடமெல்லாம் வேர் விடும். காய்ந்த சருகால் மூடாக்கு அவசியம். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும்போதுதான் நோய்க் கிருமி கீழ் இலைக்கு ஏறுகிறது. தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கிடைத்தால் பழம் வெடிக்கும். பலத்த மழை வருகிறது என்றால் நிறம் மாறத் தொடங்கியதைப் பறித்து உள்ளே வைத்துவிடலாம், தானாகப் பழுக்கும். பச்சைக் காய் நிறைய விழுந்துவிட்டால் துவையல் இருக்கவே இருக்கிறது.

மழையில் நாற்றெல்லாம் அடியில் கறுத்து மடிந்துவிடுகிறது. என்ன செய்வது?

நாற்றழுகல் நோய். நேற்று நிமிர்ந்து நின்றது இன்று தரையோடு சாய்ந்து கிடக்கும். வந்த பிறகு காப்பாற்றுவது கடினம். வராமல் பார்ப்பதுதான் வழி. நெருக்கமாக விதைக்காதீர்கள். நாற்றுத் தட்டு நேரடி மழையில் நனையக்கூடாது. நான்கு மூங்கில் கழி நட்டு மேலே மட்டும் பாலித்தீன் தாள் கட்டுங்கள். பக்கங்களைத் திறந்தே விடவேண்டும், காற்று ஓடாவிட்டால் தாள் கட்டியும் பயனில்லை. விதைப்பதற்கு முன், நோயை அடக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் பொடியைக் கிலோ விதைக்கு 10 கிராம் என்ற கணக்கில் கலந்துகொள்ளலாம். வீட்டு அளவுக்கு அது ஒரு சிட்டிகைதான். நடும்போது லிட்டருக்கு 10 கிராம் கரைத்து நாற்றின் வேரை அரை மணி நேரம் நனைத்து நடலாம். விலையும் அதிகமில்லை, உரக்கடையில் கிடைக்கும்.

மழை விட்ட பிறகு இலைகள் வெளிறி மஞ்சளாகிவிட்டனவே?

இரண்டு காரணம் சேர்ந்து நடக்கிறது. மண்ணில் தண்ணீர் நின்று வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் போகிறது. இன்னொரு பக்கம் தழைச்சத்து தண்ணீரோடு கரைந்து பையின் அடித்துளை வழியே வெளியேறிவிடுகிறது. கோகோபீட் (தென்னை நார்க் கழிவு) அதிகமுள்ள கலவையில் இது இன்னும் மோசம். முதலில் குச்சியால் அடித்துளைகளைக் குத்தி அடைப்பை எடுங்கள். மேல்மண்ணைக் கொத்திவிடுங்கள். ஈர மண்ணில் உரம் கொட்டுவதில் அர்த்தமில்லை. இரண்டு நாள் வெயில் பட்டதும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடலாம். அல்லது கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். ஒரு வாரத்தில் புது இலை பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலையைக் கிள்ளி மட்குக் குழியில் போட்டுவிடுங்கள்.

மாடி தாங்குமா? தண்ணீர் கசியாதா?

ஓர் அடிப் பை மழையில் நனைந்தால் ஏறக்குறைய 20 கிலோ வரும். ஒன்றிரண்டு பைகளுக்குக் கவலை இல்லை. ஐம்பது வைக்கப் போகிறீர்கள், கட்டடமும் பழையது என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். பொதுவாகப் பைகளைச் சுவர் ஓரமாக, கீழே உத்திரம் ஓடும் இடத்தில் அடுக்குவது நல்லது. நடு மாடியில் குவிக்க வேண்டாம். எல்லாப் பையும் செங்கல் மேலோ இரும்புத் தாங்கியிலோ நிற்கட்டும், அடியில் தண்ணீர் ஓட வழி இருக்கும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மாடியில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 10,000 லிட்டர். அத்தனையும் மூலையில் இருக்கும் ஒன்றிரண்டு குழாய்கள் வழியாகத்தான் இறங்க வேண்டும். நாலு காய்ந்த இலை அடைத்தால் போதும், மாடி குளமாகிவிடும். மழைக்காலத்தில் தினமும் பார்க்க வேண்டியது செடியை விட அந்தக் குழாய் வாயைத்தான்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை மழைக்காலத்தில் எடுத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும்.

ஆடியில் நல்ல வெயில் விழுந்த இடம் இப்போது நிழலாக இருக்கிறதே?

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஆடியில் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேரே வரும். மார்கழியில் தெற்கே சாய்ந்துவிடும். சென்னையில் நடுப்பகலிலும் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குக் கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம் என்றால், நண்பகலில்கூட அதன் நிழல் இரண்டடிக்கு மேல் விழும். காலை மாலையில் இன்னும் நீளும். அதனால் தெற்குச் சுவரை ஒட்டிக் கீரை, கொத்தமல்லி, வெங்காயத்தாள் வையுங்கள். தக்காளி, முள்ளங்கி, கோஸ் எல்லாம் வடக்குப் பக்கம் போகட்டும். கொடிப் பந்தலும் வடக்கு ஓரத்தில் இருந்தால் மற்ற செடிக்கு நிழல் விழாது. தெற்கே பக்கத்து வீடு மூன்று மாடி எழுப்பியிருந்தால் கீரையோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மழைக்காலத்தில் கீரை வேண்டாம் என்கிறார்களே?

சேறு தெறித்த கீரையைப் பற்றிய எச்சரிக்கை அது. நம் தொட்டியில் மூடாக்குப் போட்டு வளர்த்ததை அலசிச் சமைக்க என்ன தடை? ஆனால் முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரைக்கு அடைமழை பிடிக்காது. விதையை மழை அடித்துக்கொண்டு போகும், ஈரம் நீடித்தால் இலைக்கடியில் வெள்ளைத் துரு வரும். அவற்றைக் கார்த்திகைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மழையில் தைரியமாக நிற்பவை மணத்தக்காளி, பசலை, பொன்னாங்கண்ணி, முருங்கை. சளி பிடிக்கும் மாதத்தில் வீட்டில் மணத்தக்காளிச் செடி ஒன்று நிற்பது பெரிய ஆறுதல்.

நத்தைகள் ஒரே இரவில் தின்றுவிடுகின்றன.

பெரிய ஆப்பிரிக்க நத்தைகள். மழை விட்ட இரவில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதே உறுதியான வழி. வெறுங்கையால் தொடாதீர்கள். ஈரச் சாக்கு ஒன்றை விரித்து அடியில் பப்பாளி இலையோ கோஸ் இலையோ வைத்தால் விடிவதற்குள் அங்கே கூடிவிடும், மொத்தமாக எடுக்கலாம். உப்பைத் தூவினால் மண் கெடும்.

கொங்குப் பக்கத்தில் நத்தையை விட மயில்தான் தலைவலி. நாற்று வேர் பிடிக்கும் வரை வலை கட்டாமல் முடியாது.

புயல் என்று அறிவித்துவிட்டார்கள். செடிகளை என்ன செய்ய?

2016 டிசம்பரில் வர்தா சென்னையில் பெரிய மரங்களையே ஆயிரக்கணக்கில் சாய்த்தது. மாடியில் நிற்கும் தொட்டி எம்மாத்திரம்? கைப்பிடிச் சுவர் மேல் எதுவும் இருக்கக்கூடாது, அது விழுந்தால் கீழே போகிறவர் உயிருக்கு ஆபத்து. தொங்கும் தொட்டிகள், நிழல்வலை, பாலித்தீன் கூரை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நிழல்வலை காற்றில் பாய்மரம் போல இழுத்துக் கம்பத்தையே பெயர்த்துவிடும். பைகளைச் சுவரின் காற்று மறைவுப் பக்கத்தில் நெருக்கி அடுக்குங்கள். பந்தலில் விளைந்த காயை முன்கூட்டியே பறித்துவிடுங்கள். புயல் அடிக்கும்போது மாடிக்குப் போக வேண்டாம், எந்தச் செடிக்காகவும். அவரையும் கத்தரியும் முறிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும்.

மார்கழிப் பனியில் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வேண்டாம். ஊற்றுவதாக இருந்தால் காலையில், இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள். பனி ஈரத்தோடு இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் இலை நோய்கள் வரும். பூசணி, சுரை, வெண்டையில் இந்த மாதங்களில் சாம்பல் நோயும் பிடிக்கும். வெள்ளைப் பொட்டு கண்ட உடனே புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து தெளித்துவந்தால் கட்டுக்குள் இருக்கும்.

இத்தனை வேலைக்குக் கடையில் வாங்கிவிடலாமே, மிச்சமாகுமா?

பணக் கணக்கில் முதல் வருடம் மிச்சமாகாது. பை, மண், உரம் என்று செலவு இருக்கிறது. இரண்டாம் வருடம் முதல் குறையும். ஆனால் பறித்துப் பத்து நிமிடத்தில் கொதிக்கும் குழம்பில் விழுகிற பிஞ்சு அவரையை எந்தச் சந்தையும் விற்க முடியாது. முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை, கொத்தமல்லி வேர், வெங்காயத்தாள், பூசணிப் பூ என்று கடைக்காரர் வெட்டி எறிகிறதெல்லாம் நமக்குச் சமையலாகிறது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கக் கையில் எப்போதும் ஏதாவது இருக்கிறது. இதற்கெல்லாம் விலை போட எனக்குத் தெரியாது, போடவும் தோன்றுவதில்லை.

இந்தப் பருவம் எப்போது முடிகிறது? முடிந்ததும் என்ன?

மாசிக் கடைசியில் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கும். கொத்தமல்லி பூத்துவிடும், பாலக்கு கசக்கும். அவற்றைப் பிடுங்காமல் சிலவற்றை விதைக்கு விடுங்கள். மல்லிப் பூவுக்குத் தேனீக்களும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளும் நிறைய வரும். அவரையில் பூச்சி விழாத, முதல் கொத்துக் காய்களைக் கொடியிலேயே காயவிட்டு எடுங்கள். விதையோடு கொஞ்சம் சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள். கலப்பின விதை வாங்கிப் போட்ட காலிஃபிளவர், தக்காளியில் விதை எடுப்பது வீண், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.

காலியான பைகளின் மண்ணைத் தாளில் கொட்டி ஒரு வாரம் வெயிலில் காயவையுங்கள். பிறகு மட்கிய உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, வெண்டையும் வெள்ளரியும் கொத்தவரையும் ஊன்றலாம். மற்ற பைகளை நிழலில் அடுக்கி, மேலே சருகு மூடி வையுங்கள், ஆடி வரை மண் உயிரோடு இருக்கும்.